பழைய பொருள் வியாபாரம்: சொல்லாமல் விட்டதற்கும் கேள்வி உண்டா?

பழைய இரும்பு, பித்தளை, தட்டுமுட்டுச் சாமான்கள் வாங்கி விற்கும் கடைக்குத் தமிழ்நாட்டில் ‘காயலான் கடை’ என்று பெயர். காயல்பட்டினத்து முஸ்லிம்கள் அந்த வியாபாரத்தில் முன்னின்றதால் அப்பெயர் வந்தது என்று சொல்வார்கள். சென்னையில் மூர் மார்க்கெட் 1985-இல் தீக்கிரையாகும் வரை பழம்பொருள் தேடுவோர் அங்கேதான் கூடினார்கள். இன்று அந்தச் சந்தை கைபேசிக்குள் வந்துவிட்டது. பகலில் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறவர், அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவர், வீட்டில் பிள்ளைகளைக் கவனிக்கும் தாய்மார் ஆகியோர் ஓய்வு நேரத்தில் பழைய கடிகாரம், பித்தளைப் பாத்திரம், கேமரா, புத்தகம் முதலியவற்றைத் தேடி வாங்கி, துடைத்துப் படமெடுத்து இணையத்தில் போட்டு விற்கிறார்கள். மாதச் சம்பளம் போதாத குடும்பங்களுக்கு இது ஒரு கைத்தாங்கல்.

இந்த வியாபாரம் ஆகுமானதா என்று கேட்டால், சந்தேகமின்றி ஆகுமானதே. அல்லாஹ் வியாபாரத்தை ஹலாலாக்கியிருக்கிறான். மலிவாக வாங்கிக் கூடுதலாக விற்பதில் குற்றம் எதுவுமில்லை. அலைந்து தேடியது, கழுவித் துலக்கியது, பழுது பார்த்தது, பொதிந்து அனுப்பியது யாவும் உழைப்பு. உழைப்புக்குரிய இலாபம் தூய்மையான சம்பாத்தியம்.

ஆனால் ஒரு விஷயத்தை ஊன்றிக் கவனிக்க வேண்டும். புதுப்பொருளுக்கு ஏறக்குறைய எல்லாருக்கும் தெரிந்த ஒரு விலை உண்டு. பழைய பொருளுக்கு அப்படியொன்று கிடையாது. அதில் இலாபம் பெரும்பாலும் ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியாமலிருப்பதிலிருந்தே பிறக்கிறது. வாங்கும்போது விற்பவருக்கு அதன் மதிப்புத் தெரியவில்லை; விற்கும்போது வாங்குபவருக்கு அதன் குறை தெரியவில்லை. நடுவில் நிற்கும் நமக்கு இரண்டும் தெரியும். அப்படியானால் நமக்குத் தெரிந்ததில் எவ்வளவைச் சொல்லாமல் வைத்துக்கொள்ளலாம்? பொய் சொல்வது ஹராம் என்பது எல்லாரும் அறிந்ததே. பொய்யே சொல்லாமல் வாய்மூடி இருந்து சம்பாதித்தால் அது என்ன? இதுதான் நம் முன்னுள்ள கேள்வி.

சட்டம் சொல்வது

நம் நாட்டுச் சட்டம் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 17-ஆவது பிரிவு மோசடி இன்னதென்று வகுக்கிறது. பேச வேண்டிய கடமை இருந்தாலன்றி, வெறும் மௌனம் மோசடியாகாது என்பது அதன் சாரம். அதை விளக்க அந்தச் சட்டமே சில உதாரணங்களைத் தருகிறது. ஒருவர் தம் குதிரையை ஏலத்தில் விற்கிறார், குதிரைக்குக் குறை உண்டென்று அவருக்குத் தெரியும், வாய் திறக்கவில்லை. இது மோசடி அல்ல என்கிறது சட்டம். இன்னோர் உதாரணத்தில், விலை நிலவரம் மாறியிருப்பது இரு வியாபாரிகளில் ஒருவருக்கு மட்டும் தெரிந்திருக்கிறது. அதை மற்றவருக்குத் தெரிவிக்க அவர் கடமைப்பட்டவர் அல்லர் என்கிறது.

ஆனால் அதே இடத்தில் வேறோர் உதாரணமும் இருக்கிறது. குதிரையை வாங்குவது விற்பவரின் மகள். இப்போதுதான் பருவ வயதை அடைந்தவள். அப்போது குறையைச் சொல்வது தகப்பனுக்குக் கடமையாகிவிடுகிறது. குதிரை அதேதான், குறையும் அதேதான். எதிரே நிற்பவர் யார் என்பது மாறியதும் மௌனம் குற்றமாகிவிடுகிறது!

வேடிக்கை என்னவென்றால், நம் முன்னோர் வாழ்விலும் ஒரு குதிரை வருகிறது. நபித்தோழர் ஜரீர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்களின் ஆள் ஒரு குதிரையை 300 திர்ஹத்துக்குப் பேசி முடித்து, பணம் வாங்கிக்கொள்ளக் குதிரைக்காரரை அழைத்து வந்தார். குதிரையைப் பார்த்த ஜரீர் (ரலி) அவர்கள், இது 300-ஐ விட அதிகம் பெறுமே, 400-க்குத் தருகிறீரா என்று கேட்டார்கள். பிறகு 500 என்றார்கள். இப்படியே தாமாக விலையை ஏற்றி 800 திர்ஹம் கொடுத்து வாங்கினார்கள். வாங்குகிறவரே விலையை உயர்த்துவதா என்று மக்கள் வியந்தபோது, ஒவ்வொரு முஸ்லிமுக்கும் நலம் நாடுவேன் என்று அண்ணல் நபி (ஸல்) அவர்களிடம் தாம் செய்திருந்த பைஅத்தையே காரணமாகக் கூறினார்கள். அந்த பைஅத் பற்றிய ஹதீஸ் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. அதில் ‘முஸ்லிம்’ என்று வந்திருப்பது பெரும்பான்மையைக் கருதித்தான். மற்றவர்களுக்கும் நலம் நாடுவது வேண்டப்பட்டதே என்று இமாம் இப்னு ஹஜர் (ரஹ்) அவர்கள் விளக்கியிருக்கிறார்கள். இணையத்தில் எதிரே இருப்பவர் எந்த மதத்தவர் என்று நமக்குத் தெரியாது, தெரிய வேண்டியதுமில்லை.

சட்டம் ஒரு மகளுக்குக் கொடுத்த உரிமையை, அந்த நபித்தோழர் முன்பின் அறியாத ஒரு குதிரைக்காரருக்கும் கொடுத்தார் என்பதைச் சிந்தியுங்கள்.

குறை வாங்குபவருக்குச் சொந்தம்

இப்போது விற்பனைப் பக்கத்தை எடுத்துக்கொள்வோம். இங்கே ஷரீஅத்தின் தீர்ப்பில் சந்தேகத்துக்கு இடமில்லை. பொருளின் குறை விற்பவருக்குத் தெரிந்திருந்தால் அதைச் சொல்வது வாஜிபு. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டார்கள். விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்தது என்றார் வியாபாரி. அவர் வாயால் எந்தப் பொய்யும் சொல்லவில்லை. நனைந்ததை அடியில் வைத்திருந்தார், அவ்வளவே. நனைந்ததை மேலே வைத்திருந்தால் மக்கள் பார்த்திருப்பார்களே என்று நபி (ஸல்) அவர்கள் கண்டித்ததோடு, ஏமாற்றுகிறவருக்கும் தமக்கும் உறவில்லை என்னும் கருத்துப்பட எச்சரித்தார்கள்.

இன்று நாம் எடுக்கும் படம்தான் அந்தக் குவியல். கீறல் விழுந்த பக்கத்தைச் சுவரோரம் திருப்பி வைத்துப் படமெடுப்பதும், விரிசலை மறைக்கும்படி வெளிச்சம் அமைப்பதும் நனைந்த தானியத்தை அடியில் தள்ளுவதே.

எச்.எம்.டி. கைக்கடிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து 1961-இல் பெங்களூரில் தொடங்கப்பட்ட தொழில் அது. கடிகாரப் பிரிவை மூடுவதென்று 2016-இல் மத்திய அரசு முடிவு செய்தது. நம் வாப்பாமார் கையில் கட்டியிருந்த அந்தக் கடிகாரங்களைச் சேகரிப்பவர்கள் இன்று பலர். எனவே பழைய முகப்புத் தட்டுக்குப் புது வர்ணம் பூசி, எழுத்துகளை மறுபடி அச்சிட்டு, பழைய அசல் என்று விற்பதும் பெருகிவிட்டது.

இதற்கு பிக்ஹு நூல்களில் அச்சு அசலான உதாரணம் இருக்கிறது. சந்தைக்குக் கொண்டுபோகும் ஆட்டின் பாலைச் சில நாள் கறக்காமல் மடியைக் கட்டி வைப்பார்கள். மடி பருத்திருப்பதைப் பார்த்து, நிறையக் கறக்கும் என்று ஒருவர் வாங்கிவிடுவார். நபி (ஸல்) அவர்கள் இதைத் தடுத்து, வாங்கியவர் திருப்பிக் கொடுக்கும் உரிமையையும் அளித்தார்கள். ஷாஃபிஈ மத்ஹபின் ‘மின்ஹாஜ்’ நூலில், வாய்க்கால் தண்ணீரைத் தேக்கி வைத்து, தண்ணீரால் சுற்றும் மாவாலையை விற்கும் நேரத்தில் திறந்துவிடுவதும் இதே வகை என்று எழுதியிருக்கிறார்கள். தண்ணீரும் உண்மை, ஆலை சுற்றுவதும் உண்மை. ஆனால் பார்க்கிறவர் மனத்தில் உருவாவது பொய். அத்தகைய பொய்யை வாயால் சொன்னாலென்ன, வர்ணத்தால் சொன்னாலென்ன?

“உள்ளது உள்ளபடி விற்கிறேன், பிறகு நான் பொறுப்பல்ல” என்று ஒரு வரி எழுதிவிட்டால் போதாதா என்று சிலர் கேட்கிறார்கள். எல்லாக் குறைகளிலிருந்தும் பொறுப்பு நீங்கும் நிபந்தனையோடு விற்பது ஹனஃபி மத்ஹபில் செல்லும். ஷாஃபிஈ மத்ஹபில், பிராணிகளிடத்தில் விற்பவருக்கே தெரியாத உட்குறை ஒன்றுக்குத்தான் அந்த நிபந்தனை உதவும், மற்றவற்றுக்கு உதவாது. ஆனால் தெரிந்த குறையை மறைத்த பாவத்தை அந்த ஒரு வரி கழுவிவிடும் என்று எந்த மத்ஹபும் சொல்லவில்லை.

இன்னொன்றும் உண்டு. இணையத்தில் வாங்குகிறவர் பொருளைக் கண்ணால் காண்பதில்லை. காணாத பொருளை வாங்கினால், கண்டபின் வேண்டாமென்று சொல்லும் உரிமை ஹனஃபி மத்ஹபில் உண்டு. ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான சொல்லிலோ குறிப்பிட்ட ஒரு பொருளைக் காணாமல் விற்கும் வியாபாரமே கூடாது. ஆகவே பொருள் கைக்குச் சேர்ந்து, பார்த்துப் பொருந்திய பின்னரே விற்பனை முடிவாகும் என்று முன்கூட்டியே பேசிக்கொள்வது இரு மத்ஹபினருக்கும் பேணுதலான வழி.

குறையைச் சொன்னால் யார் வாங்குவார் என்று அஞ்ச வேண்டாம். ஈபே என்னும் உலகறிந்த இணையச் சந்தையை அமெரிக்காவில் பியர் ஒமிடியார் என்பவர் 1995-இல் தொடங்கினார். அதில் முதலில் விற்பனையானது பழுதடைந்த ஒரு லேசர் விளக்கு; 14 டாலர் 83 சென்டுக்குப் போயிற்று. அது வேலை செய்யாது என்பது தெரியும்தானே என்று ஒமிடியார் வாங்கியவரிடம் விசாரித்தாராம். பழுதான லேசர் விளக்குகளைச் சேகரிப்பதே தம் பழக்கம் என்று பதில் வந்தது. குறையோடு ஒரு பொருளை விரும்புகிறவரும் உலகில் இருக்கிறார். அவரைத் தேடிப் பிடிக்கத்தானே இணையம்?

மதிப்பு யாருக்குச் சொந்தம்?

அடுத்தது கடினமான பக்கம். வாங்கும்போது, பொருளின் மதிப்பு விற்பவருக்குத் தெரியவில்லை. அதைச் சொல்வதும் நமக்குக் கடமையா?

ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஒருவர் தரையில் விரித்து வைத்திருக்கும் சாமான்களுக்கிடையே ஒரு கேமராவைப் பார்க்கிறீர்கள். 500 ரூபாய் என்கிறார். அது 5,000 ரூபாய் பெறும் என்பது உங்களுக்குத் தெரியும். வாங்கலாமா? ஷாஃபிஈ பிக்ஹு நூல்களில் இதற்கு நேரெதிரான பக்கத்திலிருந்து ஓர் உதாரணம் வருகிறது. ஒருவர் கண்ணாடித் துண்டை மாணிக்கம் என்று தாமாகவே நினைத்துக்கொண்டு மாணிக்கத்தின் விலைக்கு வாங்கிவிட்டால், அதை ரத்துச் செய்யும் உரிமை அவருக்கு இல்லை. விசாரியாமல் வாங்கியது அவர் தவறு. விலை வித்தியாசம் மட்டுமே வியாபாரத்தை முறித்துவிடாது. அந்தச் சந்தைக்காரர் வியாபாரி. விலையைத் தாமே தீர்மானித்தவர். ஒன்றில் விட்டதை மற்றொன்றில் பிடிப்பவர். அவர் உங்களிடம் விலை கேட்கவில்லை; நீங்களும் பொய் சொல்லவில்லை. நீங்கள் படித்தும் அலைந்தும் பெற்ற அறிவின் பலன் அது. இவ்வியாபாரம் செல்லும்.

இன்னொரு காட்சி. அண்டை வீட்டில் கணவரை இழந்த ஒரு மூதாட்டி. வீட்டை ஒதுங்க வைக்கிறார். கணவர் வைத்திருந்த அதே மாதிரியான கேமராவை உங்களிடம் நீட்டி, “தம்பி, இதெல்லாம் எனக்கென்ன தெரியும்? நீயே பார்த்து ஏதாவது கொடு” என்கிறார். நீங்கள் 500 ரூபாய் கொடுக்கிறீர்கள். அவர் துஆச் செய்து அனுப்புகிறார்.

இரண்டிலும் பொருள் ஒன்று, தொகை ஒன்று, உங்கள் மௌனமும் ஒன்று. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. சந்தைக்காரர் உங்களிடம் கேமராவை மட்டும் விற்றார். அந்த மூதாட்டி கேமராவோடு தம் நம்பிக்கையையும் உங்கள் கையில் வைத்தார். அது அமானிதம். அமானிதமாக வந்ததில் இலாபம் எடுப்பது வியாபாரம் ஆகுமா?

இந்த வேறுபாடு நாமாக உண்டாக்கியதல்ல. கிராமத்திலிருந்து சரக்கோடு வருகிறவர்களை ஊருக்கு வெளியிலேயே எதிர்கொண்டு, சந்தை நிலவரம் அறியும் முன் அவர்களிடம் வாங்குவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அப்படி விற்றவர் சந்தைக்கு வந்தபின் வியாபாரத்தை முறிக்கும் உரிமையையும் கொடுத்தார்கள். விலை தெரியாத நிலையைத் தேடிப்போய்ப் பயன்படுத்துவது வேறு, சந்தையில் நின்று வாங்குவது வேறு என்பது இதிலிருந்து விளங்குகிறது. விலை தெரியாமல் பிறரை நம்பிப் பொறுப்பை ஒப்படைப்பவர் பெரிதும் நஷ்டப்பட்டால் வியாபாரத்தை முறிக்கலாம் என்று ஹன்பலி சட்ட அறிஞர்கள் தனியே ஒரு மஸ்அலாவே எழுதியிருக்கிறார்கள்.

இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் துணி வியாபாரி. ஒரு பெண் பட்டாடை ஒன்றை விற்கக் கொண்டுவந்து 100 திர்ஹம் கேட்டார். இது அதைவிடப் பெறும் என்றார்கள் இமாமவர்கள். அந்தப் பெண் நூறு நூறாக ஏற்றி 400 வரை வந்தார். இன்னும் பெறும் என்றார்கள். கேலி செய்கிறீர்களா என்று அவர் கேட்க, விலை மதிக்கத் தெரிந்த ஒருவரை அழைத்துவரச் சொல்லி 500 திர்ஹத்துக்கு வாங்கினார்கள். அந்தப் பெண் கேட்ட விலைக்கே வாங்கியிருந்தால் எந்தக் காழியும் இமாமவர்களைக் குற்றவாளி என்றிருக்க மாட்டார். காழியின் மன்றத்தில் தப்புவது வேறு, மறுமையின் மன்றத்தில் தப்புவது வேறு என்று அவர்கள் அறிந்திருந்தார்கள்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ‘இஹ்யா’வில் சம்பாத்தியம் பற்றிய பகுதியில் நீதி ஒன்று, இஹ்ஸான் என்னும் உபகாரம் ஒன்று என்று இரு படிகளைப் பிரித்துக் காட்டுகிறார்கள். ஏழையிடமோ பலவீனரிடமோ வாங்கும்போது கூடுதல் விலை கொடுத்து விட்டுக்கொடுப்பது உபகாரம். தேவைக்கு மேல் இலாபம் தேடும் பணக்கார வியாபாரியிடம் ஏமாந்து நிற்பதோ புகழத்தக்கதல்ல என்றும் எழுதுகிறார்கள். ஆக, எதிரே இருப்பவரைப் பார்த்து நடக்க வேண்டும் என்பது நம் பெரியோர்கள் வகுத்த வழியே.

மூதாட்டியிடம் என்ன செய்யலாம்? வழி எளிது. “பெரியம்மா, இது வெளியில் 5,000 வரை போகும். நான் 3,000 தருகிறேன். சுத்தம் செய்து விற்கிற உழைப்புக்கும், விற்காமல் தங்கினால் வரும் நஷ்டத்துக்கும் மீதி எனக்கு. சம்மதமா?” என்று சொல்லிவிடலாம். அல்லது, விற்றுத் தருகிறேன், இவ்வளவு கூலி எடுத்துக்கொள்கிறேன் என்று வகீலாக நின்று பேசலாம். இலாபம் குறையும், ஆனால் இல்லாமற் போகாது.

பொருளுக்குள் இருப்பது

பழைய பொருளோடு நாம் விலைபேசாத ஒன்றும் வந்துவிடுவதுண்டு. முன்னொரு காலத்தில் ஒருவர் நிலம் வாங்கினார். அதில் தங்கம் நிறைந்த குடம் கிடைத்தது. நான் நிலத்தைத்தான் வாங்கினேன், தங்கம் உம்முடையது என்று விற்றவரிடம் கொண்டுபோனார். நிலத்தை அதிலுள்ளதோடு விற்றுவிட்டேன், எனக்கு வேண்டாம் என்றார் அவர். தீர்ப்புச் சொன்னவர் ஒருவரின் மகனுக்கு மற்றவரின் மகளை மணமுடித்து, அந்தத் தங்கத்தை அவர்களுக்குச் செலவிடச் சொன்னார். இதை நபி (ஸல்) அவர்கள் எடுத்துரைத்ததாக புகாரி, முஸ்லிமில் வருகிறது. பழைய அலமாரியின் இழுப்பறையில் மோதிரமும், பழைய புத்தகத்துக்குள் ரூபாய் நோட்டும் கிடைத்தால், “கடைச் சரக்கோடு வந்தது, எனக்குத்தான்” என்று நினைக்கும் முன் அந்த இருவரையும் நினையுங்கள். விற்றவர் யாரென்று தெரிந்தால் திருப்பிக் கொடுப்பதே நேர்மை. தெரியாவிட்டால், கண்டெடுத்த பொருளின் சட்டம் என்னவென்று உங்கள் ஊர் ஆலிமிடம் கேளுங்கள்.

பழைய கைபேசிகள் விஷயத்தில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். அழிக்காமல் விட்ட குடும்பப் படங்களும் கடிதங்களும் அதில் இருக்கலாம். அவை தங்கத்தை விடப் பெரிய அமானிதம். திறந்து பார்க்காமல் உரியவருக்குத் தெரிவித்து, அவர் சொன்னபடி அழித்த பின்னரே விற்க வேண்டும்.

கையில் இல்லாததை விற்பது

மறைக்கப்படும் இன்னொரு செய்தி, பொருள் இன்னும் நம் கையிலேயே இல்லை என்பது. கடையில் கண்ட பொருளைப் படமெடுத்துத் தம்முடையதுபோல் இணையத்தில் விற்றுவிட்டு, பிறகு ஓடிப்போய் வாங்கி அனுப்புவோர் உண்டு. ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அவர்கள் ஏறக்குறைய இதையே நபி (ஸல்) அவர்களிடம் கேட்டார்கள். தம்மிடம் இல்லாததை விற்க வேண்டாமென்று தடை வந்தது. முதலில் வாங்கிக் கைப்பற்றுங்கள், பிறகு விற்பனை பேசுங்கள். அதற்கு முதலீடு இல்லையென்றால் கடைக்காரரின் வகீலாக அவர் சம்மதத்தோடு கூலிக்கு விற்றுக் கொடுங்கள். ஏலம் விடும் இடங்களில் வாங்கும் எண்ணமில்லாத நண்பரைக் கொண்டு விலையை ஏற்றிவிடும் ‘நஜ்ஷ்’ என்பதும் தடுக்கப்பட்டதே.

இப்படிப் பார்த்தால் பிழைக்க முடியுமா?

“ஹஜரத், எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்தால் வியாபாரம் நடக்குமா?” என்று கேட்பவர்கள் உண்டு. ஜரீர் (ரலி) அவர்களிடமும் மக்கள் இதையே கேட்டார்கள் என்று இஹ்யாவில் காண்கிறோம். விற்கும்போதும் குறைகளை எடுத்துக்காட்டி, விரும்பினால் வாங்குங்கள் என்பது அவர்கள் வழக்கம்.

உலகியல் பதிலும் இருக்கிறது. ஜார்ஜ் அக்கர்லாஃப் என்னும் அமெரிக்கப் பொருளியல் அறிஞர் 1970-இல் பழைய கார்ச் சந்தையை உதாரணமாக வைத்து ஒரு கட்டுரை எழுதினார். குறை விற்பவருக்கு மட்டும் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது என்றால், வாங்குபவர் எல்லாக் காரையும் சந்தேகித்துக் குறைத்தே கேட்பார். அந்த விலைக்கு நல்ல காரை விற்பது கட்டாது என்று நல்ல கார் வைத்திருப்பவர் ஒதுங்கிவிடுவார். மிஞ்சுவது கெட்ட கார்களே. கடைசியில் சந்தையே படுத்துவிடவும் கூடும் என்று காட்டினார். 2001-இல் மேலும் இருவரோடு அவருக்குப் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. வாங்குபவரும் விற்பவரும் உண்மை சொல்லித் தெளிவுபடுத்தினால் அவர்கள் வியாபாரத்தில் பரகத் உண்டு, மறைத்தால் அந்தப் பரகத் அழிந்துபோகும் என்று நபி (ஸல்) அவர்கள் அறிவித்ததை நம்பியவர்களுக்கு இந்த முடிவு புதிதல்ல.

நேரக் குறைவால் செய்கிற சிறு வியாபாரம்தானே என்று அலட்சியம் வேண்டாம். கடைத்தெருவில் இருப்பவருக்கு அண்டைக் கடைக்காரர் உண்டு, ஊரார் உண்டு, நாளை அதே வீதியில் நடக்க வேண்டிய வெட்கம் உண்டு. இணையத்தில் இவை எதுவுமில்லை. முகமே தெரியாது. எனவே அங்கே தக்வா ஒன்றுதான் காவல். மார்க்கச் சட்டம் தெரியாதவர் நம் கடைவீதியில் விற்க வேண்டாமென்று ஹஸ்ரத் உமர் (ரலி) அவர்கள் உத்தரவிட்டதாக திர்மிதீயில் வருகிறது. அந்த உத்தரவு வீட்டு அறையில் கைபேசியோடு அமர்ந்திருப்பவருக்கும்தான்.

ஆகவே சகோதர சகோதரிகளே! ஒரு பொருளை விற்கும் முன்பும், விலை தெரியாத ஒருவரிடம் வாங்கும் முன்பும் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: எதிரே இருப்பது என் மகளாக இருந்தால் நான் இப்போது எதைச் சொல்வேன்? அதைச் சொல்லிவிடுங்கள். சொல்லியபின் மிஞ்சும் இலாபம் எவ்வளவு சிறிதானாலும் அதை அச்சமின்றி உண்ணலாம், பிள்ளைகளுக்கும் ஊட்டலாம்.

வல்ல அல்லாஹ் நம் சம்பாத்தியத்தை ஹலாலாகவும் பரகத்தாகவும் ஆக்கியருள்வானாக. ஆமீன்.